தெற்குக் கரை மணல்

அன்று காலை துர்சினாய் இருமவில்லை.

பைமுரத் கண் விழித்தபோது சன்னல் திரையின் கீழ்விளிம்பில் வெயில் மஞ்சளாக ஏறிக் கிடந்தது. தூரத்தில் அல்மாட்டி ரயில் ஊதிக்கொண்டு போனது, சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. எல்லாம் வழக்கம்போல்தான் இருந்தது, ஆனாலும் என்னவோ குறைந்தது. படுத்தபடியே யோசித்தவனுக்குச் சட்டென்று உறைத்தது. ஐந்தரை மணிக்கு அடுத்த அறையில் மகளின் இருமல் கிளம்ப வேண்டும். தொண்டையைக் கிழிக்கிற மாதிரி மூன்று தரம், பிறகு மூச்சை உள்ளே இழுக்கும்போது ஒரு சீழ்க்கை. நாலு வருஷமாக அந்த வீட்டுக்கு வேறு அலாரம் தேவைப்பட்டதில்லை. இப்போது மணி ஏழேகால்.

போர்வையை உதறிவிட்டு ஓடினான். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்தவன் அவன். அப்படிப்பட்டவனை வீட்டின் அமைதி என்ன பாடு படுத்தும் என்று சொல்லவா வேண்டும்? இவளாவது நிற்கட்டும் என்றுதான் மூன்றாவதாகப் பிறந்தவளுக்கு 'நிற்கட்டும்' என்ற பொருளிலேயே பெயர் வைத்தார்கள். ஏழு வயதுவரை நின்றுவிட்டாள். இனியும் நிற்க வேண்டும். அதைத் தவிர அவனுக்கு இந்த உலகத்தில் வேறு கோரிக்கை கிடையாது.

கட்டில் காலியாக இருந்தது. முன்னறையில் மீன்தொட்டிக்கு எதிரே, கண்ணாடியில் நெற்றியை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன கண்ணு, இங்க வந்து நிக்கிற?"

"எனக்கு நல்லா இருக்குப்பா."

அவளை வாரி எடுத்து உச்சந்தலையை மோந்தான். நெஞ்சில் தேய்க்கிற ஆட்டுவால் கொழுப்பும் வியர்வையும் தூக்கமும் கலந்த ஒரு வாசம் அங்கே எப்போதும் இருக்கும். அன்று மெல்லிசாக இருந்தது. நேற்று மனைவி ஜிபெக் தலைக்கு ஊற்றிவிட்டாளோ என்னவோ என்று நினைத்துக்கொண்டான். அவளை இறக்கிவிடும்போதுதான் தொட்டியைப் பார்த்தான். மணல் போட்டு முடித்த அன்று, பதினைந்து சென்டிமீட்டர் உயரத்தில் கண்ணாடியின் வெளிப்பக்கம் கறுப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்திருந்தான். மணல் இப்போது அந்தக் கோட்டுக்கு மேலே நகக்கண் அளவு தெரிந்தது.

கொட்டிய மணல் நாளாக நாளாக இறுகி இறங்கும். ஏறாது. கோடு போட்டபோது தன் கைதான் ஆடியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தேநீர் வைக்கப் போனான்.

அந்தத் தொட்டி வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். அரால் ஊரில் வசந்தம் என்றால் பூ இல்லை, புழுதிதான். கடல் வற்றிப்போன இடத்திலிருந்து உப்பும் பருத்திக்காட்டுப் பூச்சிமருந்து விஷமும் காற்றோடு கிளம்பி வரும். கிசிலோர்தா நகரத்து டாக்டர் கையை விரித்துவிட்டார். "ஊரை விட்டுப் போங்க. போக முடியாதுன்னா, காத்து அடிக்கிற மாசத்துல பிள்ளையை வெளிய விடாதீங்க" என்றார். பைமுரத் மீன் ஆலையில் குளிர்பெட்டி பழுது பார்க்கிறவன், ஜிபெக் ரயில் நடைமேடையில் புகைபோட்ட மீன் விற்கிறவள். எங்கே போவார்கள்? கதவைச் சாத்தினார்கள். உள்ளே அடைந்து கிடந்த பிள்ளை ஒருநாள், "கடல் எப்படிப்பா இருக்கும்?" என்று கேட்டது. ஊர் முகப்பில் கப்பல் படம், பள்ளிக்கூடச் சுவரில் நங்கூரம், கடல் மட்டும் இல்லை. அந்தக் கேள்வி அவனைக் குடைந்தெடுத்தது.

ஆலையில் உடைத்துப் போட்ட காட்சிப்பெட்டியின் கண்ணாடியை எடுத்துவந்து ஒட்டினான். நீளம் நூற்றிருபது சென்டிமீட்டர், அகலம் ஐம்பது. உப்புநீர்த் தொட்டி வளர்க்கிற அல்மாட்டிக்காரர்களின் குழு ஒன்று போனில் கிடைத்தது. அவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். அடியில் ஆழமாக மணல் போட வேண்டும். சீனி மாதிரி நைஸ் மணல். மேல் மணலில் புழுவும் பூச்சியும் வாழும், அடி மணலில் காற்றே இருக்காது. அந்த இருட்டில் இருக்கிற உயிர்கள் தண்ணீரின் அழுக்கையெல்லாம் இழுத்துத் தின்றுவிடும். ஒரே ஒரு சட்டம்தான். அடியைக் கிளறக் கூடாது. கிளறினால் உள்ளே தேங்கின விஷம் மேலே வந்துவிடும்.

பவள மணல் ரயிலில் வரும் என்றார்கள். ஒரு மூட்டை ஓர் ஆட்டு விலை. ஏழு மூட்டை வேண்டும்.

"ஏழு ஆடா!" என்று வாயைப் பிளந்தான் எர்மெக். ஜிபெக்கின் தம்பி அவன், கடல்தரையில் மரம் நடுகிறவர்களுக்கு ஜீப் ஓட்டுகிறவன், கழுவுற மீனில் நழுவுற மீன். "இந்த ஊர்ல மணலுக்குப் பஞ்சமா மச்சான்? கதவைத் திறந்து வைங்க, அதுவே வந்து விழும். டெலிவரி சார்ஜ்கூட கிடையாது."

"வந்து விழுறது விஷம்டா. அதுலதானே இவ சாகக் கெடக்குறா."

"அப்ப ஆத்து மணல்? கொத்தனார்கிட்ட சொன்னா வண்டியோட தருவான்."

சமையலறை மேசையில் தேநீர்க் கிண்ணங்களை வைத்துச் சோதித்தார்கள். சிர் ஆற்று மணலில் வினிகர் ஊற்றினால் கம்மென்று கிடந்தது. வெறும் கல். சிப்பியும் சுண்ணாம்பும் இருக்கிற மணல்தான் கடல் தண்ணீருக்கு ஆகும், அதுதான் வினிகர் பட்டால் நுரைக்கும். ஊருக்குப் பக்கத்துக் கரை மணல் லேசாக நுரைத்தது. ஆனால் பரல் பரலாக இருந்தது, சிப்பி உடைசல் கையைக் கிழித்தது.

"தீவு இருக்குல்ல?" என்றான் பைமுரத். "அதோட தெற்குக் கரை. ஆத்துல விஷம் வர்றதுக்கு முந்தியே அங்க தண்ணி வத்திப்போச்சுன்னு எங்கப்பா சொல்வாரு. வெள்ளை மணல்."

நாற்பது வருஷமாகச் சுற்றிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத மேட்டுக்கு அந்த ஊரில் இன்னும் தீவு என்றுதான் பெயர். பாலைவனத்தில் ஜீப்பை விடும்போதும் "கடலுக்குப் போறேன்" என்றுதான் சொல்வார்கள். கரை என்றால் கரைதான். தீவின் தலையில் பழைய கபர்ஸ்தான் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அது மேட்டின் மேலே இருக்கிறது, கரை கீழே இருக்கிறது. அப்புறம் என்ன பயம்?

எர்மெக் ஒன்பது வாளி கொண்டுவந்து இறக்கினான். அந்த மணல் மாவு மாதிரி இருந்தது. விரலிடுக்கில் நிற்காமல் வழுக்கியது. ஒரு பிடியைக் கிண்ணத்தில் போட்டு வினிகர் விட்டபோது சீறிக்கொண்டு பொங்கி மேசையில் வழிந்தது. "அடேயப்பா, உசுருள்ள மணலு!" என்று சிரித்தான் எர்மெக். பைமுரத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முற்றத்தில் வைத்துப் பன்னிரண்டு தண்ணீர் அலசினான். முதல் ஐந்து தண்ணீரும் பால்போல் வந்தன.

மொத்தமாகக் கொட்டினால் கலங்கும் என்பதால் தண்ணீர் விட்டுவிட்டுப் பிடிப்பிடியாகப் போட வேண்டியிருந்தது. துர்சினாய் நாற்காலியில் ஏறி நின்று, இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் போட்டாள். ஒன்பது வாளியில் மூன்று வாளியாவது அவள் கையால் விழுந்திருக்கும். அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

இருமல் நின்றதற்கு மறுநாள் காய்ச்சலும் நின்றது. மாலையானால் கன்னம் கொதிக்கிற பிள்ளை, சலவைக்கல் மாதிரி குளிர்ந்து கிடந்தாள். ஜிபெக் துள்ளிக் குதித்தாள். "அந்தத் தொட்டிதாங்க காரணம். ஈரக்காத்து! நீங்க டாக்டருக்கே டாக்டர்" என்று அவன் காதைப் பிடித்துத் திருகினாள். அவனும் சிரித்தான். சிரிக்காமல் என்ன செய்வான்? நாலு வருஷமாக வேண்டிக்கொண்டது கையில் வந்து விழுந்திருக்கிறது.

மூன்றாம் நாள் பசி நின்றது. எண்ணெயில் பொரித்த பவுர்சாக் உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். "சாப்பிடு கண்ணு" என்றால், "எனக்கு நல்லா இருக்குப்பா" என்றாள். எதைக் கேட்டாலும் அதே மூன்று வார்த்தைகள், அதே இழுப்பு. வாங்கிவிட்ட இரண்டு கோமாளி மீன்களும் தொட்டியின் மேல்மூலையில் ஒன்றோடொன்று ஒண்டிக்கொண்டு நின்றன. தீனியைப் போட்டால், மணலை நோக்கி இறங்குகிற துணுக்கை அவை தொடவில்லை. மணல் கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடை ஏறியிருந்தது.

குழுவில் படம் போட்டுக் கேட்டான். "அடியில் காற்று தங்கியிருக்கும். பயப்படாதீங்க. கிளறாதீங்க" என்று பதில் வந்தது. அது அவனுக்கு ஆறுதலாக இருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு இருந்தது.

ஐந்தாம் நாள் மத்தியானம் மின்சாரம் போனது. ஜிபெக் நடைமேடைக்குப் போயிருந்தாள். துர்சினாய் கட்டிலில் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தாள். பம்ப் நின்றதும், இத்தனை நாள் அதன் இரைச்சலுக்குப் பின்னால் பதுங்கியிருந்த அமைதி முன்னறைக்குள் வந்து உட்கார்ந்தது. சுவர்க்கடிகாரம் கேட்டது. தெருவில் ஒரு நாய் தண்ணீர் குடிப்பதுகூடக் கேட்டது. அப்புறம், முழங்கால் உயரத்திலிருந்து, தலையணைக்குள் முகம் புதைத்து இருமுவது போல அமுங்கலாக, மூன்று தரம் வந்தது. ஒரு சீழ்க்கை. மணலின் நடுவில் ஒரு குமிழி பிதுங்கி, மெதுவாக ஏறி, மேலே உடைந்தது.

பைமுரத் எழுந்து மகளின் அறையை எட்டிப் பார்த்தான். வாய் மூடியிருந்தது. மார்பு ஏறி இறங்குவதாகவும் தெரியவில்லை.

திரும்பவும் வந்தது. மூன்று தரம், ஒரு சீழ்க்கை, ஒரு குமிழி. தொட்டியின் விளிம்பில் குனிந்தான். அழுகிய முட்டை வாடை அடிக்கும் என்று குழுவில் எச்சரித்திருந்தார்கள். அந்த வாடை இல்லை. ஆட்டுவால் கொழுப்பு. வியர்வை. தூக்கம். அவன் மகளின் உச்சந்தலை வாசம் தண்ணீரிலிருந்து குப்பென்று அவன் மூக்கில் ஏறியது.

நாற்காலியில் உட்கார்ந்தான். பழுது பார்க்கிற கை சும்மா இருக்காது. பைக்குள்ளிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்து அளந்தான். கோட்டுக்கு மேலே மூன்றரை சென்டிமீட்டர். நூற்றிருபது பெருக்கல் ஐம்பது, அதைப் பெருக்கு மூன்றரையால். இருபத்தோராயிரம். இருபத்தொரு லிட்டர். தண்ணீர் நிறைந்த தொட்டியில் ஆள் இறங்கினால் எவ்வளவு ஏறுமோ, அந்தக் கணக்கு. மருந்து அளவுக்காகக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்திருந்த மருத்துவமனைச் சீட்டைப் பார்க்க அவனுக்குத் தேவையே இல்லை, மனப்பாடம். மார்ச் மாதம் துர்சினாயின் எடை இருபத்தொரு கிலோ.

ஸ்கேல் கையிலிருந்து விழுந்தது.

சாயங்காலம் எர்மெக் தானாகவே வந்தான். வழக்கமாக வாசலிலேயே ஒரு கிண்டல் கிளம்பும். அன்று செருப்பைக் கழற்றாமல் நின்றான்.

"மச்சான், வெளிய வாங்க. அக்கா இருக்காளா?"

"இன்னும் வரல. என்னடா?"

"இன்னைக்குத் தீவுப் பக்கம் மரம் நடப் போனோம்." தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துப் பிசைந்தான். "காத்து மேட்டைப் பாதிக்கு மேல சீவிட்டுப் போயிருக்கு. மேல கபர்ஸ்தானே இல்ல மச்சான். எல்லாம் கரைக்கு இறங்கியிருக்கு. எத்தனை வருஷமா இறங்குதோ."

"எந்தக் கரைக்கு?"

எர்மெக் வாசற்படியைப் பார்த்தான்.

"டேய், எந்தக் கரைக்குடா?"

"நீங்க சொன்ன கரைக்குத்தான். நான் அள்ளும்போது, கபர் மேல நடுவாங்களே, அந்த மாதிரி ஒரு துருப்பிடிச்ச பிறை கெடந்துச்சு. படகு இரும்புன்னு நெனச்சு வீசிட்டேன். சத்தியமா எனக்குத் தெரியாது. இன்னைக்குக் கூட வந்த பெரியவர் சொல்றாரு, அந்தப் பக்கம் பூரா சின்னக் கபருங்களாம். ஒரு வருஷம் அம்மை வந்து தீவுல இருந்த பிள்ளைங்க எல்லாம் போயிருக்கு." குரல் இறங்கியது. "மணலை அலசினீங்கல்ல?"

"பன்னிரண்டு தண்ணி."

"தொட்டியில யார் போட்டா?"

பைமுரத் வீட்டுப் பக்கம் திரும்பினான். முன்னறையில் நாற்காலி மேல் நின்று பிடிப்பிடியாக அள்ளிப் போட்ட இரண்டு சின்னக் கைகள் கண்ணுக்கு முன்னால் ஆடின. சாவு விழுந்தால் குழியில் ஆளுக்கொரு பிடி மண் போடுவது அந்த ஊர் வழக்கம். உள்ளே கிடப்பது இனி மண்ணுக்குச் சொந்தம் என்ற ஒரே அர்த்தம்தான் அதற்கு, அதை அங்கே யாரும் யாருக்கும் விளக்கியதில்லை. பெண்பிள்ளைகளைக் குழிக்குப் பக்கத்திலேயே விடுவதில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது போல, அந்தப் பிள்ளைகளின் மண்ணைத் தோண்டி எடுத்துவந்து, அலசி, தன் பிள்ளையின் கையாலேயே அவன் போட வைத்திருக்கிறான்.

"அவளா போட்டா?" என்றான் எர்மெக். இரண்டு உள்ளங்கைகளாலும் முகத்தைத் தடவிக்கொண்டான். "நாளைக்குக் காலைல ஜீப்பைக் கொண்டாறேன். முல்லாவையும் கூட்டிட்டு வர்றேன். ஒரு மணல்கூட விடாம அங்கேயே கொண்டுபோய்ப் போட்டுருவோம். அக்காகிட்ட இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க."

"போட்டா சரியாயிடுமா?"

"எனக்கு எப்படித் தெரியும் மச்சான்? எனக்குத் தெரியல."

பைமுரத் ஜிபெக்கிடம் சொல்லவில்லை. அவள் மகளுக்குத் தலைவாரிவிட்டுக்கொண்டே பாட்டு முணுமுணுத்தாள். நாலு வருஷத்தில் அவன் கேட்டிராத பாட்டு. அதைக் கெடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. காலையில் அவள் மீன் தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிய கொஞ்ச நேரத்தில் மேற்கே வானம் பழுப்பானது.

பத்து மணிக்குச் சூரியன் பழைய செப்புக்காசாக மங்கியது. பதினொன்றுக்கு எதிர்வீடு தெரியவில்லை. காற்று சன்னலை உலுக்கியது, கூரைத் தகரம் படபடத்தது, கதவிடுக்கில் மணல் உரசுகிற சத்தம் யாரோ விடாமல் அரிசி புடைப்பது மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தது. நாக்கில் உப்பும் மருந்துக் கசப்பும் ஏறியது. ஈரத்துண்டுகளை இடுக்குகளில் திணித்துக்கொண்டே எர்மெக்குக்குப் போன் போட்டான்.

"ரோடே தெரியல மச்சான்!" காற்றுக்கு மேலே கத்தினான் எர்மெக். "பள்ளத்துல இறங்கிட்டேன். வர்றேன், வந்துர்றேன், நீங்க..." போன் செத்தது.

இப்படிப்பட்ட நாளில்தான் துர்சினாயின் உதடு நீலமாகும். மருந்துக்குழலை அவள் வாயில் வைத்து, எண்ணி எண்ணி மூச்சு விடச் சொல்லி, மணிக்கணக்காக மடியில் வைத்திருப்பான். பழக்கத்தில் குழலை எடுத்துக்கொண்டு அவள் அறைக்குப் போனான்.

சன்னலில் திணித்த துண்டை அவள் உருவிப் போட்டிருந்தாள். இடுக்குக்கு எதிரே உட்கார்ந்து, வாயை அகலத் திறந்து வைத்திருந்தாள். புழுதி ஒரு கயிறாகத் திரண்டு அந்த வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. அவள் இருமவில்லை. விழுங்கவும் இல்லை. பல்லில், நாக்கில், உள்ளே, வெள்ளையாகப் படிந்துகொண்டே இருந்தது.

"கண்ணு!"

"எனக்கு நல்லா இருக்குப்பா."

ஓடிப்போய் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான். தூக்க முடியவில்லை. தினமும் ஒரு கையில் தூக்குகிற பிள்ளை. குளிர்பெட்டி மோட்டாரைத் தனியாகத் தூக்குகிற முதுகு அவனுடையது. மூச்சைப் பிடித்து மறுபடி இழுத்தான். ஈர மணல் மூட்டை போல அசையாமல் உட்கார்ந்திருந்தாள். உச்சந்தலையில் மூக்கை வைத்தான்.

ஒன்றுமில்லை. எந்த வாசமும் இல்லை.

முன்னறைக்கு ஓடினான். சட்டைக்கையை மடிக்கக்கூட இல்லை. தொட்டிக்குள் கையை விட்டான். மீன்கள் கண்ணாடியில் மோதின.

வெள்ளை மணல். கை இறங்கியது. அதற்குக் கீழே சாம்பல் நிறம். அதற்குக் கீழே கறுப்பு. கிளறக் கூடாது. கிளறக் கூடாது என்றார்கள். கிளறினான். தண்ணீர் கலங்கிப் பாலாகிப் பிறகு மசியானது. கொழுப்பு வாசம் குப்பென்று வந்தது. தண்ணீர் குளிர்ந்திருந்தது. அடி மணல் சுட்டது. காய்ச்சல் சூடு. அந்தச் சூடு அவனுக்குத் தெரியும். எத்தனை சாயங்காலம் புறங்கையை வைத்துப் பார்த்த சூடு.

விரல்.

இன்னொரு விரல்.

சின்னதாக, மிருதுவாக, ஓர் உள்ளங்கை. மோதிர விரலின் நுனி வழவழவென்று இருந்தது. மூன்று வயதில் கதவிடுக்கில் நசுங்கி நகம் வளராமல் போன நுனி. அதை அவன் தடவினான். அது அசைந்தது. அவனுடைய இரண்டு விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"அப்பா இருக்கேன்," என்றான். "அப்பா இருக்கேன், என் குட்டிக்குதிரை, விடாதே."

இழுத்தான். வரவில்லை. மறுகையால் மணலை வாரி வெளியே எறிந்தான். வாரிய பள்ளம் அடுத்த நொடியே மூடியது. மறுபடி வாரினான். மூடியது. பரல் மணலாக இருந்தால் நின்றிருக்கும். சிப்பி உடைசலாக இருந்தால் நின்றிருக்கும். சீனி மாதிரி, மாவு மாதிரி, விரலிடுக்கில் நிற்காத மணலாகப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது அவன்தான். வாரினான். தரையெல்லாம் மணல். தொட்டியில் குறையவே இல்லை. இருமல் கேட்டது. மூன்று இல்லை. இரண்டு. சீழ்க்கை வரவில்லை.

வாசற்கதவு படாரென்று திறந்தது. புழுதியோடு ஜிபெக் உள்ளே விழுந்தாள்.

"ரயிலையெல்லாம் நிறுத்திட்டாங்க! பிள்ளை? பிள்ளைக்கு மூச்சு...?" முக்காட்டை உருவி எறிந்துவிட்டு அறைக்கு ஓடினாள்.

அவன் கத்த வாயைத் திறந்தான். திறந்த கதவு வழியாக வந்த புழுதி வாயை அடைத்தது.

"அல்லாவே!" என்று உள்ளேயிருந்து அலறினாள் ஜிபெக். பிறகு அது அலறல் இல்லை என்று புரிந்தது. சிரித்தாள். அழுதாள். "ஏங்க, இங்க வந்து பாருங்க! இந்தக் காத்துல, சன்னல்கிட்ட, ஒரு இருமல் இல்லாம உக்காந்திருக்கா!"

நடந்துதான் வந்தது. ஜிபெக்கின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் அடிக்கும் தரைப்பலகை முனக, முன்னறைக்கு வந்து நின்றது. ஜிபெக் மண்டியிட்டு அதைக் கட்டிக்கொண்டாள். கன்னத்தில் கன்னத்தை வைத்துத் தேய்த்தாள்.

"ஜில்லுனு இருக்கா! காய்ச்சலே இல்ல!" உச்சந்தலையில் மூக்கைப் புதைத்தாள். "என் மூக்குல மீன் புகைதான் அடிக்குது, ஒண்ணும் தெரியல. என் கண்ணு, எப்படி இருக்க?"

"எனக்கு நல்லா இருக்கும்மா."

அம்மாவின் தோளுக்கு மேலாக அது அவனையே பார்த்தது. இமைக்கவில்லை.

"என்னங்க இது, வீடு பூரா மணலு? கிளறக் கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க. கையை எடுங்க."

தலையை ஆட்டினான். மாட்டேன் என்று ஆட்டினான். தோள்வரை தண்ணீருக்குள் இருந்த கையில், அந்தப் பிடி ஒருதரம் அழுத்தியது. இன்னொரு தரம் அழுத்தியது. பிறகு தளர்ந்தது. கட்டைவிரல் விட்டது. ஆள்காட்டி விரல் விட்டது. அவன் இறுக்கிப் பிடித்தான். நைஸ் மணல் இடையில் புகுந்து வழுக்கியது. நகம் வளராத அந்த நுனி அவன் விரலை உரசிக்கொண்டு நழுவியது.

"ஆடு அறுத்து ஊரைக் கூப்பிடணுங்க," என்றாள் ஜிபெக், முகமெல்லாம் கண்ணீரும் சிரிப்புமாக. "சொல்லுங்க, யார் யாரைக் கூப்பிடலாம்?"

மணலுக்கு அடியில் சுண்டுவிரல் மட்டும் இன்னும் பிடித்திருந்தது.